ரிப்கானின் இடுப்புக்குழி

லுணுகலை பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ரிப்கானுக்கு வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய சம்பவம் இடுப்பு உடைந்ததுதான் என்பது அவன் மனைவி நளீராவின் எண்ணம். அதற்கு முன் அவனிடம் பேச விஷயமே இருந்ததில்லை. கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவான், மச்சானின் வேனைப் பற்றிப் பேசுவான். கடைசியில் அந்த வேன்தான் அவனைப் பெரிய மனிதனாக்கியது.

பஸறை வளைவில் வேன் மண்மேட்டில் மோதியபோது ரிப்கான் முன் சீட்டில் இருந்தான். பெல்ட் போடவில்லை. முழங்காலை டேஷ்போர்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தான். மோதிய வேகத்தில் தொடை எலும்பு பின்னால் தள்ளப்பட்டு, அதன் தலை பொருந்தியிருந்த குழியின் பின்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்து உள்ளே போட்டார்கள். பிறகு பிட்டத்தின் பக்கமாக வெட்டி, உடைந்த துண்டைத் தகடும் ஆணியும் வைத்துப் பொருத்தினார்கள். ஊசி போட வருகிற நர்ஸைக் கண்டாலே ரிப்கான் கண்ணை மூடிக்கொண்டு நளீராவின் கையைப் பிடித்துக்கொள்வான். "உம்மாவ அல்லாகிட்ட துஆ கேக்கச் சொல்லு" என்று குழந்தை மாதிரி அழுவான்.

ஊன்றுகோலை வீசிவிட்டு நடக்கத் தொடங்கியதும் ஆள் டொக்டராகிவிட்டான். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆணி வாங்க வந்தவனைக்கூட விடமாட்டான். தகரக் குவளைக்குள் கதவுக் குமிழை வைத்துச் சுழற்றி, "இதான் பந்து, இதான் குழி. பின்னால வெட்டித்தான் உள்ளுக்குப் போகணும், வேற ரூட்டே இல்ல" என்பான். வந்தவருக்கு முதுகுவலியோ முழங்கால் வலியோ, பேச்சு அங்கேதான் போய் முடியும். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். லுணுகலையில் தலையாட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை.

"பஸறை வளைவில ஒரு யூனிவர்சிட்டி இரிக்கிறது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சு" என்பாள் நளீரா, கம்பியை நிறுத்துக்கொண்டே. அவன் காதில் அது ஏறாது.

ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி அழுத முகத்தோடு கடைக்கு வந்தாள். அவள் புருஷன் சின்னராசா நிழல்மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது சறுக்கி, தண்ணீர் ஓடும் கானின் கல்கட்டு மேல் பக்கவாட்டில் விழுந்துவிட்டான். இப்போது பதுளை வார்டில் காலில் பாரம் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

"இடுப்புக்குழி ஒடைஞ்சிருக்காம் மொதலாளி. அடிவயித்துப் பக்கமா வெட்டணுங்கிறாங்க. இடுப்பு ஒடைஞ்சதுக்கு வயித்த ஏன் வெட்றாங்க?"

ரிப்கான் நிமிர்ந்து உட்கார்ந்தான். "முன்னாலயா? எனக்கு அதே ஆஸ்பத்திரியில பின்னால வெட்டினாங்களே. முன்னால குடல் கிடக்கு, நரம்பு கிடக்கு. யாரோ புது டொக்டர்ப் பொடியன் படிச்சுப் பாக்கிறான். டிக்கட் வெட்டிக்கிட்டு ஆள வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துருங்க. மொனராகலைப் பக்கம் எண்ணெய் போட்டுக் கட்டுற ஒருத்தர் இரிக்காரு. என் பேரச் சொல்லுங்க."

விஜயலெட்சுமி அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடுதான் நளீராவுக்குப் பொறுக்கவில்லை. புருஷனின் அளப்பை இத்தனை நாளும் கொசுக்கடி மாதிரி சகித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு மனிதனின் கால் அந்த அளப்பில் மாட்டிக்கொண்டது.

"நாளைக்கு நானும் பதுளைக்கு வாறேன்" என்றாள் விஜயலெட்சுமியிடம்.

"ஒனக்கு இதில என்ன தெரியும்?" என்றான் ரிப்கான்.

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான் கேக்கப் போறேன்."

மறுநாள் இருவரும் வார்டுக்குப் போனபோது சின்னராசா உடுப்பையெல்லாம் பையில் அடைத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நர்ஸிடம் மன்றாடிக்கொண்டிருந்தான். காலையில் மொதலாளியே போன் போட்டுச் சொன்னாராம். நளீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டை தூக்க ஆள் தேடுகிறபோது எழும்பாத மனுசன், இதற்கு விடியவே எழும்பியிருக்கிறான்.

டொக்டர் சிங்களத்தில் முன்பே விளக்கியிருந்தார். புருஷனும் பெண்சாதியும் அதில் பாதியைத்தான் விளங்கிக்கொண்டிருந்தார்கள். நளீராவுக்கு நல்ல சிங்களம் வரும். தன் புருஷனுக்குப் பின்னால் வெட்டிய கதையைச் சொல்லி, இவருக்கு ஏன் முன்னால் என்று நேராகவே கேட்டாள்.

டொக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். ரிப்கானுக்குக் குழியின் பின்சுவர் உடைந்தது, அதனால் பின்பக்கமாகப் போனார்கள். சின்னராசாவுக்கு உடைந்திருப்பது முன்பக்கம். பிட்டத்தின் வழியாகப் போனால் கையும் எட்டாது, தகடும் எட்டாது. சிலருக்கு இரண்டு பக்கமும் வெட்ட வேண்டி வரும். குடலை வெட்டுவதில்லை, ஓரமாக ஒதுக்கித்தான் வேலை செய்வார்கள். இரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் ஆபத்து இல்லையென்று சொல்லமாட்டார், ஆனால் பின்பக்கமும் அப்படித்தான். காலுக்குப் போகிற பெரிய நரம்பே அங்கேதான் ஓடுகிறது. நாளைக் கடத்தினால் எலும்பு கோணலாக ஒட்டிவிடும், பிறகு சரிசெய்வது கஷ்டம்.

பெரிய நரம்பு. கடையில் இத்தனை பேருக்குப் பாடம் நடத்தியவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று நளீரா நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தமிழில் மெதுவாகச் சொன்னாள். சின்னராசா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அப்ப மொதலாளி சொன்னதுங்க?"

"மொதலாளிக்கு ஒடைஞ்சது ஒரு எடம். அதையும் அவர் பாக்கல்ல. மயங்கிக் கிடந்தாரு."

சின்னராசாவுக்குச் சிரிப்பு வந்தது, வலியில் பாதியிலேயே நின்றது. விஜயலெட்சுமி பையிலிருந்த உடுப்புகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.

ஒப்பரேசன் அந்த வாரமே நடந்தது. பிறகு மாதக்கணக்கில் அந்தக் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். தோட்டத்து லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒடுங்கிக் கிடந்தும், ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டும் சின்னராசா அதைக் கழித்தான். இனி மரம் ஏறமாட்டான். தோட்டத்தில் நர்சரியில் நிற்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். காலைக் கொஞ்சம் இழுத்தாலும் தன் காலிலேயே நடக்கிறான்.

ஒருநாள் கைத்தடியோடும் விஜயலெட்சுமியோடும் கடைக்கு வந்தான். ரிப்கான் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு, மண்வெட்டி பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "இவருக்கு முன்னாலதான் வெட்டணும்னு மொதல்ல கண்டுபிடிச்சது நான்" என்றான். அவரும் தலையாட்டினார். சின்னராசா தரையைப் பார்த்தான். விஜயலெட்சுமி ரிப்கானைத் தாண்டிப் போய், கொண்டுவந்த பட்டர்புரூட் பையை நளீராவின் கையில் கொடுத்தாள்.

"அடுத்த கிளினிக் எப்ப?" என்று கேட்டாள் நளீரா.

"வாற மாசங்க."

"தவறாமப் போங்க. இப்ப வீட்டுக்குப் போய்க் கால நீட்டி இருங்க. இங்க நின்னு கேட்டுக்கிட்டிருந்தா வலி கூடும்."