பதிவேட்டில் எழுதிய சண்டை

இருபது வருடங்களுக்கு முன்பு, திருவண்ணாமலையை ஒட்டிய ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குகளைப் பராமரித்து வந்தேன். நடுவில் தடுப்பு வைத்த பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் தனித்தனியே இருந்த இரண்டு ஆண் குரங்குகளை ஒன்றாக விடும்படி, ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா சொல்லியிருந்தார். நடுத்தடுப்பைத் தூக்கியதும் ஒன்று சப்புக்கொட்டியபடி மற்றதை நெருங்கியது. கடிக்கப்போகிறதென்று பயந்து தடுப்பை இறக்கிவிட்டேன். பதிவேட்டில் 'சண்டை' என்று எழுதினேன். அதைப் பார்த்து, அவற்றைச் சேர்க்கும் முயற்சியை டாக்டரம்மா கைவிட்டார்.

ஒரு வருடம் கழித்து, அடி அண்ணாமலை டீக்கடை எதிரே இரண்டு கடுவன் குரங்குகள் அதேபோல் சப்புக்கொட்டின. விரட்டக் கல்லை எடுத்தேன்.

"அட, சண்டை இல்லப்பா. சிநேகமாவுதுங்க," என்றார் கடைக்கார அம்மா. ஒன்று மற்றதற்குப் பேன் பார்க்க உட்கார்ந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம், "போன வருஷம் தடுப்பைத் தூக்குன அன்னிக்கு சண்டையே நடக்கலைங்க. பயந்துபோய் எழுதிட்டேன்," என்றேன்.

அவர் திட்டவில்லை. "வாங்க, தடுப்பைத் தூக்குவோம்," என்றார்.

மாலையில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. என் பயத்தால் அவை ஒரு வருடம் தனியே கிடந்ததை நினைத்தால் இன்றும் மனசு கூசுகிறது.