சென்னியப்பன் கேட்காத வாடகை

சென்னியப்பனுக்கு யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை. தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்பதும் அவரைப் பொறுத்தவரை கை நீட்டுவதுதான். இந்த ஒரு குணத்தால் அவர் பட்ட பாட்டை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. வருத்தம் அப்புறம்தான்.

கொமரலிங்கத்தில் இருந்த ரெண்டு ஏக்கரை அண்ணன் தம்பி மூன்று பேர் பிரித்துக்கொண்டபோது, அந்தத் துண்டு நிலத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று திருப்பூருக்கு வந்தவர். பன்னிரண்டு வருஷம் இன்னொருவர் வண்டியை ஓட்டினார். 2006-இல் ஃபைனான்ஸ் போட்டு, குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கினார். அதன் நெற்றியில் மகள் பெயரை, ‘மைதிலி’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுத வைத்தார். பெயிண்டர் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதில் வந்த முதல் சொத்து, பின்னே எப்படி இருக்கும்?

வண்டிக்கு வேலை கொடுத்தவன் தமிழ்செல்வன். சென்னியப்பனின் மனைவி மருதாளுக்கு அண்ணன் மகன். பெருமாநல்லூரில் நாற்பது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறவன். சாயம் போட்ட துணி உருளைகளைக் கொண்டுவந்து அவன் கம்பெனியில் இறக்குவதுதான் இவர் வேலை. மற்ற வண்டிக்காரர்கள் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கி, சனிக்கிழமை அதை நீட்டி வாடகையை வாங்கிவிடுவார்கள். சென்னியப்பன் சீட்டே போடவில்லை. சொந்த மாப்பிள்ளையிடம் சீட்டு நீட்டுவதா? கொடுக்கும்போது வாங்கிக்கொண்டார். அவனும் ரெண்டு வருஷம் குறையில்லாமல்தான் கொடுத்தான்.

2008-இல் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. பாதி நாள் கரண்ட்டும் இல்லை. ஆட்களுக்குச் சம்பளம் போடவே தமிழ்செல்வன் திணறினான். சனிக்கிழமை எதிரே வந்து சீட்டை நீட்டினவர்களுக்குக் கொடுத்தான், நீட்டாதவரை மறந்தான். மோசமான பையன் இல்லை. ஆனாலும் நாலு மாத வாடகை அப்படியே நின்றுபோனது. வண்டிக்கு மூன்று டியூ நின்றது.

ஃபைனான்ஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? சந்து முனையில் பைக்கைப் போட்டுக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி பேசினார்கள். மருதாள் துணி செக்கிங் பார்க்கும் கம்பெனிக்கே போன் போட்டு, “உங்க வீட்டுக்காரர் எங்க ஒளிஞ்சிருக்காரு?” என்று கேட்டார்கள். நாலு பேர் நடுவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கூனிக் குறுகிப் போனாள்.

“ஏனுங்க, எங்கண்ணன் பையன்தானுங்களே. ஒரு வார்த்த கேளுங்களே,” என்றாள் அன்று சாயங்காலம்.

“அவுங்களே நொந்து கெடக்கறாங்க. இந்நேரத்துல போயிக் கேட்டா நல்லாவா இருக்கும்?”

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, பட்டப்பகலில், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பைக் வந்து குறுக்கே நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி வந்து சாவியைப் பிடுங்கினான். பெயர் காசிமாயன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஃபைனான்ஸ்காரர்களுக்குப் பிடித்துக் கொடுக்கிற வண்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன். வண்டிக்காரர் கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று தயாராக வந்திருந்தான்.

சென்னியப்பன் கத்தவில்லை. திரும்பிப் பின்னால் இருந்த லோடைத்தான் பார்த்தார். பன்னிரண்டு உருளை. மறுபடி சாயம் போட்டால் அதே நிறம் வராது. இது போய்ச் சேராவிட்டால் ஏற்கெனவே இறக்கிய துணியும் வீண்.

“ஏனுங்க, வண்டிய நீங்க எடுத்துக்கங்க. துணி வேற ஒருத்தருதுங்க. எறக்கிப் போட்டு நானே சாவியக் குடுத்தர்றனுங்க.”

வண்டி பிடிக்கப் போன இடத்தில் காசிமாயனிடம் இதுவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. “சரி, ஏறுண்ணே. நானும் கூட வாரேன். ஏமாத்திராத,” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். பைக் பின்னால் வந்தது.

போகிற வழியில் பேச்சுக் கொடுத்து, வாடகை பாக்கி நிற்கிற விஷயத்தைத் தெரிந்துகொண்டான். “அட, அதுல பாதியக் குடுத்தாலே மூணு டியூவும் அடைஞ்சிருமேண்ணே! போனதும் கேளு. பணத்தக் கட்டிட்டா நானே ஆபீஸ்ல பேசி வண்டிய விட்டுர்றேன்.”

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ‘மாப்ளே, கொஞ்சம் பணம் வேணுங்க.’ எவ்வளவு சின்ன வாக்கியம்!

கம்பெனியில் பத்து மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. சவரம் செய்யாத முகத்தோடு தமிழ்செல்வன் வாசலுக்கே ஓடி வந்தான்.

“வாங் மாமா. துணி வருமோ வராதோன்னு காலைல இருந்து பயந்துட்டே இருந்தனுங்க. இந்த ஒரு ஆர்டர்தானுங்க கையில இருக்குது.” பிறகு காசிமாயனைப் பார்த்தான். “இவுங்க யாருங்?”

சென்னியப்பன் வாயைத் திறந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை.

“லோடு எறக்கக் கூட்டிட்டு வந்தனுங்க.”

காசிமாயன் அவரை முறைத்துப் பார்த்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, ஒரு உருளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். வண்டி பிடிக்க வந்தவனும் வண்டிக்காரரும் ஆளுக்கு ஆறாகப் பன்னிரண்டையும் இறக்கினார்கள். தமிழ்செல்வன் பாக்கெட்டைத் தடவி, இருபது ரூபாய் எடுத்து, “டீ குடிச்சுக்கங்க” என்று காசிமாயனிடம் கொடுத்தான். “மாமா, உங்களுக்குத் தீபாவளிக்குப் பாத்துக்கலாமுங்க.”

“ஆகட்டுங் மாப்ளே.”

கேட்டுக்கு வெளியே வந்ததும் காசிமாயன் வெடித்தான். “ஏண்ணே, வாயத் தொறந்து கேட்டா என்ன? வீட்ல போய் என்ன சொல்லுவ?”

“அந்தப் பையன் மொகத்தப் பாத்தீங்கள்ல? வாய் வரலீங்க.”

சாவியைக் கொடுத்தார். கேபினிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி காசிமாயன் நீட்டிய அந்த இருபது ரூபாயை வாங்கவில்லை. வண்டி திரும்பிப் போகும்போது நெற்றியில் இருந்த மகள் பெயரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதார். சோறு அப்படியே வீடு திரும்பியது.

தமிழ்செல்வனிடம், முதுகு வலி, வண்டியை விற்றுவிட்டேன் என்று போனில் சொன்னார். ஒரு குடோனுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனார். தீபாவளி வந்தது, பொங்கலும் வந்து போனது. வாடகை வரவில்லை.

தை கடைசியில் தமிழ்செல்வன் கூப்பிட்டு அனுப்பினான். வெளிநாட்டுப் பணம் வந்துவிட்டதாம், முகம் தெளிவாக இருந்தது. வாசலில் ஒரு குட்டியானை நின்றது. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள்.

“ஏலத்துல சல்லிசாக் கெடச்சுதுங் மாமா. பழைய பேரெல்லாம் அழிச்சுத்தானுங்க குடுத்தாங்க. நீங்க ஓட்டுன மாதிரியே வண்டி. இனி வாடகைத் தொந்தரவே இல்லீங்க. நீங்களே ஓட்டுங்க, மாசச் சம்பளம் போட்டுத் தந்தர்றேன்.”

நெற்றியில் புதுசாகக் கம்பெனி பெயர் எழுதியிருந்தது. அதற்கு அடியில் பழைய மஞ்சள் பெயிண்ட் லேசாகத் தெரிந்தது. சென்னியப்பன் அதைக் கையால் ஒரு தடவை தடவினார். சாவியை வாங்கிக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்ட மருதாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“நம்ம வண்டியையே வாங்கி வச்சிருக்கறான். இன்னைக்காச்சும் அந்தப் பணத்தக் கேட்டீங்களா?”

“புது வண்டி எடுத்து பூஜ போட்ட அன்னிக்கு, நாம போயி எப்படிக் கேக்கறது?” என்றார் சென்னியப்பன்.