கிரி என்றால் இடது

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். நான் காஜா பெராங்கில் குடியிருந்தேன். அதற்கு முன்பு ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மானேஜரிடம் டிரைவராக இருந்தேன். துரை தப்பித்தோம் பிழைத்தோம் என்று கப்பலேறிவிட்டார். அவருடைய காரை ஒரு ஜப்பான் அதிகாரி எடுத்துக்கொண்டார். காரோடு சேர்த்து என்னையும் எடுத்துக்கொண்டார். சம்மதமா என்று காரிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.

அதிகாரி குள்ளம், கார் உயரம். ஏறும்போதெல்லாம் இடுப்பு வாள் கதவில் மாட்டிக்கொள்ளும். சாலையோரம் குனிந்து வணக்கம் சொல்லும் ஜனங்களுக்கு முன்னால் அவர் தொற்றித் தொற்றி ஏற வேண்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் துணிச்சல் ஏது? இருந்தாலும் சிரிப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒருநாள் காரைக் காட்டி, உள்ளங்கையால் காற்றைக் கீழே அழுத்திக் காட்டினார். வண்டியைத் தாழ்த்து என்று அர்த்தம்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செட்டி பட்டறை வைத்திருந்தார். மலாக்காச் செட்டிமாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெற்றியில் திருநீறு இருக்கும், மாரியம்மனைக் கும்பிடுவார்கள். ஆனால் தமிழ் வராது, வீட்டுப் பேச்சே மலாய்தான். நான் அவரை 'அபாங்' என்பேன், அதாவது அண்ணன். அவரும் என்னை 'அபாங்' என்பார். யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்துக்கொண்டதில்லை.

காரைத் தாழ்த்த வேண்டுமென்றால் முன் ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளில் சிலவற்றைக் கழற்ற வேண்டும். இடப்பக்கம் அவர் படுத்துக்கொண்டார், வலப்பக்கம் நான். ஒரு காலைப் பொழுதில் வேலை முடிந்தது. அதிகாரி பட்டறைக்கே வந்து, ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்து, உறுமலாக ஏதோ சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

வம்பு மறுநாள் ஆரம்பித்தது. வண்டி நேராகப் போகமாட்டேன் என்றது. ஸ்டீரிங்கைக் கொஞ்சம் தளரப் பிடித்தால் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. உஜோங் பாசிரிலிருந்து திரும்பும்போது எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. நான் ஒதுங்க, கார் ஒதுங்கியதோடு நிற்காமல் சக்கரத்தை லொங்காங்குக்குள், அதுதான் சாலையோரச் சாக்கடைக்குள், இறக்கிவிட்டது. அதிகாரியின் தொப்பி உருண்டு விழுந்தது.

தொப்பியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். ஆனாலும் விளக்கம் சொல்ல வேண்டாமா? எங்கள் டிரைவர்கள் எல்லோரும் சொல்கிற மாதிரியே மலாயில் சொன்னேன்: "துவான், கெரேத்தா மாக்கான் கிரி."

துவான் என்றால் ஐயா, கெரேத்தா என்றால் கார், மாக்கான் என்றால் தின்பது. கிரி என்றால் இடது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்.

"கிரி?" என்று கேட்டார் அதிகாரி. அவர் முகம் சிவந்துவிட்டது.

"கிரி, துவான்! கிரி!" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அவருக்குப் புரிந்தது வேறு. நிப்போங்கோ என்ற ஜப்பான் பாஷை படித்த எங்கள் தெருக் கிளார்க் ஒருவர் பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "அட நீ ஒண்ணுய்யா! அவனுங்க பாஷையில கிரின்னா வெட்டுறது. வண்டிய எவனோ வெட்டிட்டான்னு நீயே போய்ச் சொல்லியிருக்கே!"

அன்று அது எனக்குத் தெரியவில்லை. சாக்கடையிலிருந்து வண்டியைத் தூக்கியதும், அதிகாரி பட்டறை இருந்த திசையைக் காட்டி "பெர்கி!" என்று கத்தினார். போனேன்.

செட்டி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து குனிந்து வணங்கினார். அதிகாரி தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "சியாப்பா கிரி?" என்றார். யார் வெட்டியது என்று அவர் கேட்கிறார். இடப்பக்கம் யார் என்று செட்டியின் காதில் விழுகிறது.

செட்டி காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கிரி சாயா, துவான்," என்றார். இடப்பக்கம் நான்.

விழுந்தது ஓர் அறை. அடுத்த நொடி அவர் மண்ணில் மண்டியிட்டிருந்தார், வாள் பாதி உறையைவிட்டு வெளியே வந்திருந்தது. அவருடைய மனைவி மரவள்ளிக்கிழங்குச் சட்டியோடு வாசலில் வந்து நின்று, அப்படியே உறைந்துவிட்டார். அதிகாரி என்னைச் சுட்டிக்காட்டி, "டியா?" என்றார். இவனுமா?

செட்டி நிமிர்ந்து பார்க்காமலே தலையை ஆட்டினார். "தீடாக், துவான். கிரி சாயா சாஜா." இல்லை, இடப்பக்கம் நான் மட்டும்தான்.

எங்கேயோ பேச்சு பிசகியிருக்கிறது என்பது மட்டும் எனக்கு உறைத்தது. என்ன பிசகு என்று யோசிக்க நேரமில்லை. காரில் ஏறி, கதவை அதிகாரிக்குத் தெரியும்படி திறந்தே வைத்து, வண்டியை மெல்ல நகர்த்திவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினேன். வண்டி தானாக இடப்பக்கம் திரும்பி லொங்காங்கை நோக்கிப் போனது. பிரேக்கை மிதித்து, இடது கையை நீட்டி, "கிரி! கிரி!" என்று கத்தினேன். அழுதுகொண்டேதான் கத்தினேன்.

அதிகாரி என் கையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கி, "ஹிடாரி?" என்றார். தினமும் காலைக் கவாத்தில் இடது என்பதற்குக் கேட்கிற ஜப்பான் சொல். பயத்தில் எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. "ஹிடாரி, ஹிடாரி!" என்று தலையை ஆட்டினேன். வாள் உறைக்குள் போனது. மன்னிப்பெல்லாம் கிடையாது. மேற்கே கையைக் காட்டி, பொழுது சாய்வதற்குள் சரிசெய் என்று சைகை காட்டிவிட்டு நடந்தே போய்விட்டார்.

வலப்பக்க முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்தோம். அதே கயிற்றை இடப்பக்கம் பிடித்தபோது தொய்ந்து விழுந்தது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்து போனது. பட்டைகளைக் கழற்றியதும் இன்னும் தட்டையாகி, முன் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. ஒரு பட்டையைத் திரும்பச் சேர்த்தோம், கயிறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றது. ஓட்டிப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி போனது.

வேலை நடந்த நேரத்தில் செட்டியின் கையிலிருந்து ஸ்பேனர் இரண்டு தடவை நழுவி விழுந்தது. "அபாங், நான் மட்டும்தான் என்று ஏன் சொன்னீர்கள்? தலை போயிருக்குமே!" என்று மலாயில் கேட்டேன். வீங்கிய கன்னத்தோடு என்னை விநோதமாகப் பார்த்தார்.

"பெத்துல்லா, பாங். கிரி மேமாங் சாயா புவாட்," என்றார். உண்மைதானே, அண்ணே, இடப்பக்கம் நான்தானே செய்தேன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல மறுபடி காரின் அடியில் புகுந்துகொண்டார்.

உயிர் பிழைக்கப் பக்கத்து வீட்டுக்காரனைக் கைகாட்டிவிட்டவர்களை அந்தக் காலத்தில் நிறையப் பார்த்தேன். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த வாள் முதலில் என் பக்கம் திரும்பியிருந்தால், "நான் மட்டும்தான்" என்று நானும் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட என்னால் துணிந்து சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை.