நாணல் பூக்கும்வரை

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவர்களில் என் சித்தப்பாவைப் போலக் கல்யாணங்களை வெறுத்தவர் கிடையாது. அப்பாவின் தம்பி. அரியலூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். திருச்சியில் படித்தபோது, வங்காளத்தில் ஒருவர் மூன்று பாகமாக எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஒரே கிறுக்கு. அதன் முதல் பாகத்தில் ஏழை வீட்டு அக்காவும் தம்பியும் வெள்ளைப் பூக்காட்டுக்குள் ஓடி ரயில் பார்ப்பார்களாம்.

அதேபோல ஒன்றை எடுத்தே தீருவது என்று கேமராவோடு திருமழபாடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கொள்ளிடக் கரையில் புரட்டாசியில் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். ரயில்தான் இல்லை, சத்தத்தை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். என் அக்காதான் படத்திலும் அக்கா. வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் எனக்குக் கிராப் வெட்டி, டவுசர் மாட்டித் தம்பியாக்கினார். அம்மா என் முடிக்காக ஒரு பாட்டம் அழுதாள்.

முதல் நாள் ஓடினோம், பேட்டரி தீர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால், கூரை வேய்வதற்கு நாணலை மொத்தமாக அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சித்தப்பாவுக்குக் கோபமே வரவில்லை. பூரித்துப்போனார்.

"அந்த வங்காளத்துக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு. மாடு பூந்து பூவையெல்லாம் மேஞ்சுடுச்சு. அடுத்த பூவுக்குக் காத்திருந்து எடுத்தாரு. இன்னைக்கு உலகமே கொண்டாடுது."

நாங்களும் காத்திருந்தோம். அதற்குள் அக்கா ஒன்பதாவது முடித்தாள். ஜெயங்கொண்டத்து அத்தை மகனுக்கு ஆவணியில் அவளைக் கொடுப்பதென்று அப்பா முடிவு செய்தார். அக்கா அவரை எதிர்த்துப் பேசவில்லை, பேசிப் பழக்கமில்லை. சித்தப்பா வந்திருந்தபோது கொல்லைப்பக்கம் போய் அவரிடம் கேட்டாள். நான் கூடவே நின்றேன்.

"சித்தப்பா, பூக்க இன்னும் ஒரு மாசந்தானே இருக்கு. படம் முடியுற வரைக்கும் கல்யாணத்த நிறுத்தி வைக்கச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க."

"அண்ணன் வாக்குக் குடுத்துட்டாரு பாப்பா. நான் என்னத்த சொல்றது?" என்றவர், என்னைக் காட்டி, "இவ வளந்துட்டா. இவளையே அக்காவாப் போட்டுக்கலாம். நீ கவலப்படாத" என்றார்.

அவள் படத்துக்காகத்தான் கவலைப்படுகிறாள் என்று நிஜமாகவே நினைத்தாரா, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா, தெரியாது. பூவுக்காகக் காத்திருந்த மனிதரைப் பற்றி ஊரெல்லாம் பேசியவர், என் அக்காவுக்காக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை எழுதும்போதும் அவர்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கல்யாண வீடியோவும் அவர்தான் எடுத்தார். தாலி ஏறியபோது அக்கா அழுதாள். கல்யாணப் பெண் அழுவது வழக்கந்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. சித்தப்பா மட்டும் லைட் பிடிப்பவரை முன்னால் இழுத்துவந்து, அவள் முகத்தருகே குனிந்து, "அப்படியே இரு பாப்பா, தொடைக்காத" என்றார்.

பட்டுப்பாவாடையில் பக்கத்தில் நின்ற எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா வேஷம் எனக்கென்று சொல்லிவிட்டு மறுபடியும் அவளையே எடுக்கிறாரே என்று பொருமினேன். எனக்கும் அழ வரும் என்று காட்டுவதற்காக முக்கி முக்கி அழுதேன். அக்காவைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து ஆளாளுக்கு என்னைத் தேற்றினார்கள்.

அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். தன் அழுகையை நிறுத்திவிட்டு, மருதாணிக் கையால் என் கண்ணைத் துடைத்தாள். நான் அவள் கையை விலக்கி எட்டிப் பார்த்தேன், கேமரா என் பக்கம் திரும்பிவிட்டதா என்று.