பல்மீது பல் படாமல்

உடற்பயிற்சிக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, தூக்கிய எடை, எத்தனை முறை, நடுவே குடித்தது என்று நான்கு பத்திகள். திருவேற்காட்டில் எங்கள் தெருமுனை ஜிம்மில் காலை ஆறு முதல் ஏழு வரை பெண்களுக்கான நேரம். நாற்பத்தெட்டு வயதில், முழங்கால் வலிக்காகச் சேர்ந்தேன். ஓராண்டில் வலி போயிற்று. இப்போது கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடி ஏறுகிறேன். ஆகவே எடை தூக்குவதை விடும்படி யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

சொன்னவர் குமணன்சாவடியில் உள்ள பல் மருத்துவர். கீழ்வரிசையில் வலது கடைவாய்ப்பல் குளிர்ந்த நீர் பட்டாலே சுளீரென்றது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தவர், மயிரிழை அளவு விரிசல் என்றார். இடது பக்கத்தில் இரண்டு பற்களை முன்பே பிடுங்கியாகிவிட்டது. இதுவும் போனால் நன்றாக மெல்வதற்குப் பக்கமே இல்லை.

பயிற்சி உண்டா என்று கேட்டார். நோட்டை எடுத்து நீட்டினேன். சற்றுப் பெருமையாகத்தான் நீட்டினேன்.

"ஒவ்வொரு செட்டுக்கும் நடுவுல ரெண்டு வாய் எலுமிச்சை ஜூஸா?"

"மொத்தம் இருபத்திரண்டு வாய், டாக்டர். ஒரு நாள்கூடத் தவறினதில்ல."

"அதாம்மா பிரச்சினை. மடமடன்னு ஒரே தடவையில குடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. ஒரு மணி நேரம் பல்லைப் புளிப்புல ஊறப் போடுறீங்க. வீட்டுக்குப் போனதும்?"

"உடனே பல் தேய்ப்பேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புளிப்பில் இளகிய பல்லை நான் தினமும் அழுத்தித் தேய்த்து, ஈறு ஓரமெல்லாம் பள்ளம் பறித்திருந்தேன். இனிப் பயிற்சியின்போது வெறும் தண்ணீர் போதும், புளிப்பாக எதையாவது குடித்தால் வாயைக் கொப்பளித்து அரை மணி கழித்தே தேய்க்க வேண்டும் என்றார். பிறகு முக்கியமானதைச் சொன்னார். "தூக்கும்போது பல்லும் பல்லும் மோதக் கூடாது. மோதினா விரிசல் கீழே இறங்கும். இறங்கிட்டா பிடுங்குறதுதான். மூணு மாசம் பார்ப்போம், அதுவரைக்கும் வலது பக்கம் மெல்லாதீங்க. முடியலேன்னா வெயிட்டை விட்டுடுங்க."

தண்ணீருக்கு மாறுவது எளிதாக இருந்தது. கடிக்காமல் இருப்பதுதான் முடியவில்லை. மருத்துவர் அச்சு எடுத்து, தூக்கும்போது மாட்டிக்கொள்ளப் பல்லுக்கு ஓர் உறை செய்து கொடுத்தார். பத்து நாள் கழித்து அதை வெளிச்சத்தில் பார்த்தேன். நான்கு குழிகள். உறையையும் சேர்த்துக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஜிம்மில் எனக்குப் பக்கத்தில் பயிற்சி செய்பவர், பூந்தமல்லியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருப்பவர். அவர் கண்ணில் எதுவும் தப்பாது.

"இன்னாக்கா, அந்தப் பல்லு மேல ஒனக்கு இன்னா கோவம்? கடிச்சே சாவடிக்கிற."

"கடிக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் தூக்குறேன். தூக்கினதும் மறந்துபோகுது."

"வாய்க்கு ஒரு வேல குடுக்கா. நா நாள் பூரா ஒதட்டுல குண்டூசி வச்சிகினு கீறேன். ஒதடு மூடிகினு இருக்கும், உள்ள பல்லு தள்ளியே நிக்கும். பல்ல கடிச்சா ஊசி நழுவி நாக்குல குத்திடும்."

"ஊசியை வச்சுக்கிட்டா எடை தூக்கச் சொல்றே?"

"ஐயே! நெசமா வச்சித் தொலைக்காதே. ஊசி ஒதட்டுல கீற மாதிரி நெனச்சிக்கோ. நோட்டு போடறவளாச்சே, மூணு ஊசின்னு எழுதிக்கோ."

சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்தேன். உதட்டில் மூன்று ஊசிகள் இருப்பதாக நினைத்து, அவற்றின் இடையே மெல்ல மூச்சை ஊதியபடி தூக்கினேன். அந்த ஒரு தடவை தாடை தளர்ந்தே இருந்தது. நோட்டில் 'பல்' என்று ஐந்தாவது பத்தி போட்டேன். அன்று பதினோரு முறை கடித்திருந்தேன். மறுவாரம் நான்கு. அதன் பிறகு பெரும்பாலும் வெறும் கோடு.

நன்றிக்கடனாக நானும் அவருக்கு ஒன்று சொல்லிப் பார்த்தேன். நூலைக் கடித்துக் கடித்து அவருடைய முன்பல்லில் சிறு வெட்டு விழுந்திருக்கிறது. "கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு?" என்றேன்.

"ஏக்கா, நீ ஒன் வேலயப் பாரு," என்றார்.

மூன்று மாதம் முடிந்த சனிக்கிழமை காலை மருத்துவரிடம் போனேன். நாற்காலியில் சாய்ந்தேன். முதல் நாள் எடுத்திருந்த பல்லின் படத்தையும் பல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பஞ்சு சுற்றிய ஒரு குச்சியை வலது பக்கம் வைத்துக் கடிக்கச் சொன்னார்.

"வலிக்குதா?"

"இல்லை."

"பயந்துக்கிட்டுச் சொல்லாதீங்க. நல்லாக் கடிங்க."

கடித்தேன். வலி இல்லை.

விரிசல் இருந்த இடத்திலேயே நிற்கிறது, மேலே ஒரு மூடி போட்டுவிட்டால் போதும், எடையை விட வேண்டாம் என்றார். மெத்தென்றவற்றை இனி வலது பக்கமும் மெல்லலாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்தால், சாலை ஓரத் தள்ளுவண்டியில் அவித்த வேர்க்கடலை. சூடாக ஒரு பொட்டலம் வாங்கி, மூன்று மாதத்துக்குப் பிறகு வலது பக்கம் மென்றேன். திருவேற்காடு ஷேர் வேன் ஒன்று ஆட்களை அழைத்துக் கூவிவிட்டுப் போயிற்று. அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்று நின்றேன்.