கூடைக்கு அடி பின்னிய அழகர்

பதுளைப் பட்டணத்திலிருந்து ஸ்பிரிங்வெளிப் பாதையில் ஏறிப் போனால் வழியில் ஒரு சின்னத் தோட்டம் வரும். அதில் அழகர் என்று ஒருவர் இருந்தார். கவ்வாத்து வெட்டுகிற ஆள். அதாவது முற்றிப்போன தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்து மறுபடி துளிர்க்க விடுகிற வேலை. ஓய்ந்த நேரத்தில் கொழுந்துக் கூடையும் பின்னுவார். அந்தத் தோட்டத்துப் பெண்கள் முதுகில் தொங்கிய கூடைகளில் பாதி அவர் கைவேலைதான். இதில் எல்லாம் ஒரு விசேஷமும் இல்லை, ஊருக்கு நாலு பேர் செய்கிற காரியம். அழகரின் விசேஷம் வேறு. அவருக்குப் பந்தாட்டப் பைத்தியம் பிடித்திருந்தது. அதுவும் கண்ணால் ஒருமுறைகூடப் பார்த்திராத ஆட்டத்தின் மேல்.

பதுளைக்கு ரயில் வந்து சில வருஷமே ஆகியிருந்த காலம் அது. பட்டணத்தில் பாதிரிமார் நடத்திய கல்லூரியில் ஒரு புது ஆட்டத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். உயரத்தில் கட்டிய கூடையில் பந்தைப் போடவேண்டும். அந்தக் கல்லூரி விடுதியில் புஹாரி என்பவர் சமையல் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் காய்கறி வாங்க வருவார். அழகரும் சந்தைக்கு வருவார். புஹாரிக்கு வாய் சும்மா இருக்காது, அழகருக்குக் காது சும்மா இருக்காது. இரண்டு பேருக்கும் பொருத்தம் அமைந்துபோனது.

"அந்தக் கோடியில நிண்டுக்கிட்டு வைரவநாதன் ஒரு எறி எறிஞ்சான் பாருங்க அழகரு, நேராப் போய்க் கூடைக்குள்ள உழுந்திச்சி" என்று புஹாரி கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு எறிந்து காட்டுவார். கத்தரிக்காய்க்காரி முறைப்பாள். அழகர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்.

கேட்டதை மனதில் கட்டி எடுத்துக்கொண்டு மலை ஏறுவார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு வந்ததும் அகப்பட்டவர்களையெல்லாம் உட்காரவைத்துச் சொல்வார். புஹாரி ஆறடி தூரம் என்றால் இவர் அறுபதடி ஆக்கிவிடுவார். வைரவநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளை. அவனுடைய இடது கைப் பழக்கம் முதற்கொண்டு அழகருக்கு அத்துப்படி. "பாத்த மாதிரியே பேசுறாரு பாரு" என்று லயத்தில் சிரிப்பார்கள். அவர் பெண்சாதி வடிவம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. "வீட்டுக்கூரை ஒழுகுது, இவரு ஆகாசத்துல கூடை கட்டிக்கிட்டு இருக்காரு" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புஹாரி பரபரப்பாக வந்தார். கண்டியிலிருந்து பெரிய கல்லூரி ஒன்று சனிக்கிழமை ஆட வருகிறதாம். கூடை கட்டுகிற இரும்பு வளையம் இரண்டும் உடைந்துபோய், கொழும்பிலிருந்து வரவேண்டிய புது வளையம் இன்னும் வந்து சேரவில்லையாம்.

"நல்ல கெட்டியான மூங்கில் கூடையா ரெண்டு பின்னித் தாங்க அழகரு. மாஸ்டர் என்னயத்தான் பொறுப்பாக்கி உட்டிருக்காரு. ஒங்க கூடையில ஆடுறத நீங்களும் வந்து பாத்துட்டுப் போங்க."

அழகர் அந்த வாரம் முழுக்க மூங்கில் தேடினார். அவர் பின்னியதிலேயே அழகான கூடைகள் அவை இரண்டும்தான். விளிம்புக்கு மட்டும் மூன்று சுற்று. கூடைகளைக் கொடுத்தனுப்பிவிட்டு, வேலை வாங்குகிற கங்காணியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி சனிக்கிழமை அரைநாள் லீவு வாங்கினார். உடுத்தியிருந்த சட்டை ஒரு கல்யாணத்துக்கு வாங்கியது. கவ்வாத்துக் கத்தியை இடுப்பிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். பழக்கதோஷம்.

உச்சி வெயிலில் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆள் நடமாட்டமே இல்லை. பிள்ளைகள் எல்லாம் ரயிலடிக்கு விருந்தாளிகளை அழைக்கப் போயிருந்தார்கள். புஹாரி அடுப்படியில் அவர்களுக்கு நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். மைதானத்தின் இரண்டு கோடியிலும் கம்பம் நட்டு, இரண்டு ஆள் உயரத்தில் அழகரின் கூடைகளைக் கட்டியிருந்தார்கள். பெருமையோடு கிட்டே போய் அண்ணாந்து பார்த்தார். கூடைக்குள்ளே வானம் தெரிந்தது. அடியை யாரோ வட்டமாக வெட்டி எடுத்திருந்தார்கள். ஓடிப்போய் மற்றதைப் பார்த்தார். அதுவும் அப்படியே.

அழகர் ஆயிரம் ஆட்டம் கேட்டவர். ஆனால் கூடைக்கு அடி கிடையாது என்று புஹாரி ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. கூடைக்குள் விழுந்தது என்றால் அழகர் மனதில் பந்து கூடைக்குள்தான் கிடந்தது. கொழுந்து எடுக்கிற மண்ணில் பிறந்து வளர்ந்தவருக்கு அடியில்லாத கூடை என்று ஒன்று இருக்கமுடியுமா? கூடையில் ஒரு விரல் ஓட்டை இருந்தாலே வடிவம்மா சண்டைக்கு வந்துவிடுவாள். கொழுந்து சிந்தினால் நிறை குறையும், நிறை குறைந்தால் அன்றைக்குப் பேர் விழாது, முழுக் கூலி கிடைக்காது.

இது கண்டிக்காரர்கள் ஆள் வைத்துச் செய்த வேலை என்று அழகர் ஒரே அடியாக முடிவு கட்டினார். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்குகிறது. யாரைத் தேடுவது, எங்கே சொல்வது? கம்பத்தடியில் ஏணி கிடந்தது. கீழே ஓடுகிற ஓயாவின் கரையில் மூங்கில் இருந்தது. இடுப்பில் கத்தி இருந்தது. இறங்கி ஓடி மூங்கில் வெட்டி, பட்டை சீவி, ஏணியில் நின்றபடியே ஒரு கூடைக்கு அடி பின்னி முடித்தார். எருமை மிதித்தாலும் பிய்யாத பின்னல். அடுத்த கம்பத்துக்கு ஏணியைத் தூக்கப் போகையில் பிள்ளைகள் கூட்டம் ஆரவாரத்தோடு உள்ளே வந்துவிட்டது. யாரோ ஏணியை வாங்கிக்கொண்டு போனார்கள். பாதி மானத்தையாவது காப்பாற்றினோம் என்ற திருப்தியோடு அழகர் புல்மேட்டில் போய் உட்கார்ந்தார்.

ரயில் தாமதம். நமுனுகுலை மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. அதனால் எறிந்து பழகுவதற்குக்கூட நேரம் கொடுக்காமல் நேரே ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். நடுவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். பஜார் முதலாளிமார் நாற்காலியில் இருந்தார்கள். புஹாரியும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அழகர் பக்கத்தில் குந்தினார். பாதிரியார் விசில் ஊதினார்.

அதற்குப் பிறகு அழகருக்கு என்ன நடந்தது என்று சொல்வது கஷ்டம். முதலில் சத்தம். புஹாரி சொன்ன கதைகளில் சத்தமே இருந்ததில்லை. பந்து மண்ணில் விழுந்து எழும்புகிற சத்தம், வெறுங்கால்கள் ஓடுகிற சத்தம், பத்துப் பேர் மூச்சு வாங்குகிற சத்தம். அது அவர் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. பிறகு வைரவநாதன். மலை மாதிரி ஒரு ஆளை அழகர் இத்தனை நாள் மனதில் வளர்த்து வைத்திருந்தார். வந்து நின்றதோ ஒட்டி உலர்ந்த ஒரு பையன், கண்டிப் பிள்ளைகளின் தோளுக்குத்தான் வந்தான். ஆனால் பந்து கைக்கு வந்ததும் அவன் வேறு ஆள். அவன் பார்க்காமலே பந்து அவன் கையிடம் திரும்பித் திரும்பி வந்தது. அழகர் கும்பிடப் போன கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

எல்லாவற்றையும்விட அவரை மலைக்கவைத்தது வேறொன்று. ஐந்து பேருக்கும் யாரும் வேலை சொல்லவில்லை. போ என்றோ வா என்றோ ஒரு சத்தம் இல்லை. ஒருவன் ஓட, மற்றவன் அந்த இடத்தை நிரப்ப, பந்து போகவேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கங்காணி இல்லாமல் மனிதர்கள் இவ்வளவு உயிரைக் கொடுத்து உழைப்பதை அழகர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

நடுவில் கண்டிப் பையன் ஒருவன் வைரவநாதனை இடித்துத் தள்ளிவிட்டான். விசில் கேட்டது. பாதிரியார் காத்து நின்றார். இடித்த பையன் தானாகவே தலைக்கு மேலே கையைத் தூக்கினான்.

"என்னா புஹாரி நானா, அவன் கையைத் தூக்குறான்?"

"தப்புச் செஞ்சவன் தானே கை தூக்கணும். இது பாதிரியார் வச்ச சட்டம்."

"தூக்கினா?"

"தூக்கினா என்ன, ஆட்டம் நடக்கும்" என்றார் புஹாரி, பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அழகருக்கு இது விளங்கவில்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் அவர் எத்தனையோ தரம் நின்றிருக்கிறார். "யாருடா செஞ்சது?" என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். பதில் சொன்னவன் பிரம்படி படாமல் வீடு போனதில்லை. இங்கே ஒரு பிள்ளை ஊரே பார்க்கக் கையைத் தூக்குகிறான், இறக்குகிறான், ஓடுகிறான்.

அந்த யோசனையில் இருக்கும்போதே கண்டிக்காரர்கள் தூரத்துக் கூடையில் பந்தைப் போட்டார்கள். பந்து உள்ளே போய் அடி வழியாகத் தரையில் விழுந்தது. ஐயோ பாவம், சிந்திவிட்டது என்று அழகர் நினைத்தார். ஆனால் கண்டிப் பிள்ளைகள் குதித்தார்கள். பலகையில் எண்ணிக்கை எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கூடை, அதே மாதிரி விழுந்த பந்து, அதே குதியாட்டம். அந்த ஓட்டை கெடுக்க வெட்டிய ஓட்டை இல்லை, ஆட்டத்துக்கு வேண்டுமென்று வைத்த ஓட்டை என்பது அழகருக்கு மெல்ல மெல்ல உறைத்தது.

இந்தப் பக்கத்துக் கூடைதான் பதுளைக்காரர்கள் போடவேண்டிய கூடை. அதைத்தான் அவர் அடைத்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கு அழகர் பட்ட பாடு எந்த ரசிகனும் படக்கூடாது. வைரவநாதன் பந்தோடு வரும்போதெல்லாம் ஊர் "போடு போடு" என்றது. அழகர் மட்டும் விழக்கூடாது என்று முருகனிடம் மன்றாடினார். ஒன்று விளிம்பில் பட்டுத் தெறித்தது. ஒன்று கம்பத்தில் அடித்தது. மூன்றாவதை வைரவநாதன் வெகு தூரத்தில் நின்று, இடது கையால், மேகத்தைத் தொடுகிற உயரத்துக்கு அனுப்பினான். அவ்வளவு பயத்திலும் அழகர் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்தார். அது அவ்வளவு அழகாக இருந்தது. பந்து கூடைக்குள் இறங்கியது. இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஆரவாரம் பாதியில் நின்றது. பத்துப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு கண்டிப் பிள்ளைகள் பாதிரியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். கூடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், இது செல்லாது என்று வாதாடினார்கள். கல்லூரியின் சுந்தரலிங்கம் மாஸ்டர் முகம் சிவந்து புல்மேட்டுக்கு வந்தார்.

"புஹாரி, நீர்தானே உந்தக் கூடையைக் கட்டினனீர்? வந்த ஆக்களுக்கு முன்னால எங்கட மானத்தை வாங்கிப்போட்டீரே. இனி உம்மை இஞ்ச வைச்சிருக்க ஏலாது."

"நான் அடியை வெட்டித்தான் மாஸ்டர் கட்டினேன்" என்று புஹாரி முனகினார். அவருடைய வீட்டில் அத்தனை வாயும் அந்த விடுதி அடுப்பை நம்பித்தான் இருந்தன. அழகருக்கு அது தெரியும். எழுந்து கூட்டத்துக்குள் நழுவிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அதுவும் அவருக்குத் தெரியும். கால் நழுவத்தான் பார்த்தது. கண் புஹாரியை விட்டு அகலவில்லை.

அழகர் தலைக்கு மேலே கையைத் தூக்கினார்.

மைதானம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. பாதிரியார் கிட்டே வந்தார்.

"ஏன் அடைச்சனீர்?" என்றார் மாஸ்டர்.

"கூடையில ஓட்டை இருந்துச்சுங்க. கொழுந்து... பந்து சிந்திப் போயிருமேன்னு பின்னிப்புட்டேன். புஹாரி நானாவுக்கு இது தெரியாதுங்க."

மாஸ்டர் அதை இங்கிலீஷில் பாதிரியாருக்குச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்டிப் பிள்ளைகளும் சிரித்தார்கள். பாதிரியார் சிரிக்கவில்லை. இடித்த பையனைப் பார்த்து எப்படித் தலையசைத்தாரோ அப்படியே அழகரைப் பார்த்துத் தலையசைத்தார். பந்து மேலேயிருந்து உள்ளே போனது, ஆகவே செல்லும் என்றார். ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.

வைரவநாதன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். அழகர் ஏறிப் பந்தை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, எருமை மிதித்தாலும் பிய்யாத அந்தப் பின்னலைக் கவ்வாத்துக் கத்தியால் அறுத்து எடுத்தார். நேரம் பிடித்தது. கீழே இறங்கியதும், "நல்ல இறுக்கமாய்த்தான் பின்னியிருக்கிறியள், அண்ணை" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிவிட்டான். விசில் கேட்டது.

பதுளை அன்று தோற்றது. தோற்ற பிள்ளைகள் ஜெயித்தவர்களின் கையைப் பிடித்துக் குலுக்கி, தோளில் கைபோட்டு நெய்ச்சோறு சாப்பிடப் போனார்கள். அதையும் அழகர் பார்த்துக்கொண்டு நின்றார். மழை வந்து எல்லோரும் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

பொழுது சாய்ந்து லயத்துக்கு ஏறினபோது வடிவம்மா வாசலில் இருந்தாள். பட்டணம் போய்வந்த யாரோ விஷயத்தை முந்திக்கொண்டு சொல்லியிருந்தார்கள்.

"தொரைமாரு கூட்டத்துல போயி நாந்தான்னு கையத் தூக்குனீங்களாமே. புத்தி கெட்டுப்போச்சா?"

"தூக்கினேன்."

"அடிச்சாங்களா?"

"இல்ல."

"பொலீசுல சொன்னாங்களா? தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பிட்டாங்களா?"

"இல்ல புள்ள."

"அப்புறம் என்னாதான் செஞ்சாங்க?"

அழகர் நனைந்த தலையைத் துவட்டாமல் நின்றார். அவருக்கே அது இன்னும் நம்பமுடியாததாக இருந்தது.

"ஆட்டம் நடந்துச்சு" என்றார்.

வடிவம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் விளக்கை எடுத்து வந்து, அவரைத் திருப்பி நிறுத்தி, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள்.