உள்ளே போட்ட தாழ்ப்பாள்

எங்கள் அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டுக்கு அடியில், ஆறடிக்கு நாலடி இடத்தில், இருபது வருடமாகப் பூட்டு பழுது பார்க்கிறார், சாவி வெட்டுகிறார். நாத்தனாரான எனக்கு, அவர் திட்டி அனுப்பும் ஆட்களைச் சமாதானப்படுத்துவதுதான் முக்கிய வேலை.

மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள் ஒருநாள் மகளோடு வந்து நின்றாள். சண்டை நடக்கும் நாட்டிலிருந்து தப்பி, இரண்டு வருடம் ஏதோ முகாமில் கிடந்துவிட்டு வந்தவர்கள். நம் பேச்சு அவளுக்கு அரைகுறை.

"அக்கா, உள்ளே போடணும்."

"யாரை உள்ளே போடணும்? அதுக்குப் போலீஸுக்குப் போ," என்றார் அண்ணி.

மகள் சிரித்துவிட்டாள். "தாழ்ப்பாளைச் சொல்றாங்க."

அம்மா சிரிக்கவில்லை. "முகாம்ல தாழ்ப்பாள் வெளியதான். அவங்க போடுவாங்க, அவங்க திறப்பாங்க. இங்கயும் உள்ள ஒண்ணும் இல்ல. மேசையைக் கதவுல சாத்திட்டுத்தான் தூங்குறோம். யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

"நீ தூங்குற ரூமுக்கு அனுமதியா? நாளைக்கு வரேன், போ," என்றார் அண்ணி. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் அவர் பையைத் தூக்குவதற்குள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து ஒரு சாவியை நீட்டினார். மூன்றாம் மாடிச் சாவி. வீட்டுச் சொந்தக்காரரிடம் ஏதோ சாக்குச் சொல்லி வாங்கி வந்திருந்தார்.

"ஒரு நகல் போடும்மா. எப்படிப்பட்டவங்களோ, அப்பப்ப திறந்து பாத்துக்கணும்."

"குடியிருக்கிறவங்க கேட்டா வெட்டுறேன்."

"இந்தக் கடை சங்கத்து இடம். ஞாபகம் இருக்கா?"

அண்ணி சாவியை வாங்கி நகல் வெட்டிக் கொடுத்தார். இவ்வளவுதானா உங்கள் வீராப்பு என்று கேட்டேவிட்டேன். காதில் விழாததுபோல அந்த வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு தாழ்ப்பாளோடு ஒரு புதுப் பூட்டையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

சாயங்காலம் செயலாளர் தடதடவென்று இறங்கி வந்தார். "உன் சாவி சேரல."

"சாவி சரியாத்தான் இருக்கு. பூட்டைத்தான் மாத்திட்டேன். வீட்டுக்காரருக்கும் சொல்லியாச்சு."

"உன்னை உள்ளே போட்டுடுவேன், ஜாக்கிரதை."

"தாழ்ப்பாளை உள்ளே போட்டாச்சு. என்னையும் போடுங்க." படிக்கட்டில் ஆள் கூடியதைப் பார்த்து அண்ணி குரலை ஏற்றினார். "இன்னும் யார் யார் வீட்டுச் சாவி வச்சிருக்கீங்க? அதையும் சொல்லிட்டுப் போங்க."

கூட்டத்தில் நாலைந்து பேர் முகம் மாறியது. பதிலுக்குக் காத்து நின்றார்கள். "நாளைக்கே காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வரும்," என்று முணுமுணுத்துக்கொண்டே செயலாளர் நகர்ந்தார்.

"வரட்டும். அரம் துடைக்கக் காகிதம் இல்லாம இருக்கு."

பிறகு தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க மேலே போனோம். அண்ணி கதவைத் தோளால் இடித்துப் பார்த்தார். அசையவில்லை.

"யாரு?" உள்ளேயிருந்து அதட்டலாக வந்தது குரல். முகாமில் கிடந்த இரண்டு வருடமும் யாரும் அவளைக் கேட்டுக் கதவைத் திறந்ததில்லை.

"பூட்டுக்காரி."

"இப்ப முடியாது. அப்புறம் வாங்க."

எங்கள் அண்ணியை வாசலோடு திருப்பி அனுப்பிய ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணி வாய்கொள்ளாச் சிரிப்போடு படி இறங்கினார்.